அப்பாக்களுக்கான ஓட்டம்

எனக்கு ஓடத் தெரியும். இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஓட யாருக்குத்தான் தெரியாது என்று கேட்கிறார்கள். பாடத் தெரியும் என்று ஒருத்தி சொன்னால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதனால் நானும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓடத் தெரியும், நன்றாகவே தெரியும்.

நாங்கள் ஆவடி சேக்காட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போவார். கேரியரில் தம்பி உட்காருவான். முன்னால் பாரில் சாக்குப் பையைச் சுற்றி வைத்திருப்பார். எனக்கு இடம் கிடையாது. ஆனாலும் நான் வீட்டில் இருக்க மாட்டேன். சைக்கிள் பக்கத்திலேயே ஓடுவேன். முதலில் எனக்காக மெதுவாக மிதிப்பார். ரயில்வே கேட் தாண்டியதும் தன்னையறியாமல் வேகம் பிடித்துவிடுவார். நானும் விடாமல் பக்கத்தில் இருப்பேன்.

"இன்னாம்மா, மூச்சு வாங்குதா? நிறுத்தட்டுமா?"

"வோணாம்பா. நீ போ."

திரும்பி வரும்போது காய்கறிப் பாரத்தோடு அவருக்குத்தான் மூச்சு வாங்கும். நான் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவைத்து, தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நிற்பேன். அந்த நேரத்தில் நான் கொஞ்சம் திமிராகத்தான் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் படித்தது பெண்கள் பள்ளியில். மைதானம் பெரியது, நெருஞ்சி முள் நிறைந்தது. நூறு மீட்டரில் நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. விசில் ஊதியதும் சிட்டாகப் பறக்கிற பெண்கள் எங்கள் வகுப்பிலேயே நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எண்ணூறு மீட்டருக்கு ஆள் குறைகிறது என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் கடைசியாக ஓடினேன். இரண்டாவது சுற்றில், முன்னால் ஓடிய பெண்களின் தோள்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுவதைப் பார்த்தேன். களைத்துப்போனால் தோள் காதுப் பக்கம் ஏறும். எனக்குத் தோள் ஏறவில்லை. மற்றவர்களுக்கு மூச்சு தீர்கிற இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். கோட்டைத் தொட்ட பிறகும் நிற்கத் தோன்றாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். டீச்சர் பின்னாலிருந்து கத்தினார். "ஏய், முடிஞ்சிபோச்சு, நில்லுடி!"

அதற்குப் பிறகு பள்ளியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். மாவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். பரிசாக ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அம்மா அதில் குடிதண்ணீர் பிடித்து வைப்பாள். போட்டியின் பெயர் பொறித்த பக்கம் வருகிறவர்கள் கண்ணில் படும்படி குடத்தைத் திருப்பி வைப்பாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள். கேட்காதவர்களுக்கு, கேட்கும் வரை தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

எந்த நாளில் ஓடுவதை நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. பன்னிரண்டாவது முடிந்தது. டிப்ளமா படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை கிடைத்தது. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, பட்டரைவாக்கத்தில் இறங்கி, எட்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் தினமும் ரயிலுக்காக ஓடினேன். தோளில் பை, கையில் டிபன் கேரியர், காலில் செருப்பு. பிளாட்பாரத்தின் கடைசியிலிருந்து லேடீஸ் பெட்டி வரை ஓடி ஏறுவேன். உள்ளே இருக்கிறவர்கள் கைகொடுக்கத் தேவையே இருக்காது.

ஒரு காலையில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். அடுத்த வண்டியில் போகலாம் என்று நின்றுவிட்டேன். அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வருத்தமாகக்கூட இல்லை. நிறுத்தியது எப்போது என்று ஒரு நாளைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், அந்தக் காலையைத்தான் காட்டுவேன்.

கல்யாணம் ஆகி முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு வந்தேன். மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். அவரும் மாமியாரும் பூந்தமல்லிக்காரர்கள், பேச்சும் அப்படித்தான் இருக்கும். ஒரு மகள் பிறந்தாள். அறுவை சிகிச்சை, பிறகு முதுகு வலி, பிறகு தைராய்டு. மாடிப்படி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று பையைக் கீழே வைப்பேன். உடம்பு பெருத்தது. பொங்கலுக்குச் சேக்காட்டுக்குப் போயிருந்தபோது அப்பா ஒருமுறை கேட்டார். "ஓட்டம்லாம் வுட்டுட்டியா?" வேலை, குழந்தை என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

என் மகளுக்கு நான் ஓடுவேன் என்பதே தெரியாது. அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் விளையாட்டு விழா வந்தது. பெற்றோர்களுக்கும் போட்டி உண்டு. அம்மாக்களுக்கு மியூசிக்கல் சேர், எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். அப்பாக்களுக்கு மைதானத்தைச் சுற்றி ஒரு முழு ரவுண்டு ஓட்டம். மகள் எங்களைக் கேட்காமலேயே அவளுடைய அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் பெருமையடித்தும் வைத்திருக்கிறாள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் அண்ணா நகரில் ஒரு வீட்டில் ஏ.சி. மாட்டும்போது ஏணியிலிருந்து சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. எலாஸ்டிக் கட்டோடு நொண்டிக்கொண்டேதான் விழாவுக்கு வந்தார். மாமியாரும் வந்திருந்தார்.

மைக்கில் அப்பாக்களைக் கூப்பிட்டார்கள். மகள் எங்கள் பக்கம் பார்த்தாள். அவருடைய காலைப் பார்த்தாள். அவள் அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டேன்.

"எங்க போறே?" என்றார் அவர்.

"ஓடப் போறேன்."

"இன்னா வெளையாடுறியா? பொடவையோட எங்கனா வியுந்து வெக்கப் போறே."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டுக்குப் போனேன். ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். சிலர் ஷூ போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் உண்மையிலேயே ஓடுகிறவர் என்று கெண்டைக்காலைப் பார்த்ததும் தெரிந்தது. உயரமானவர், நரம்பு நரம்பாகத் தெரியும் கால்கள்.

பி.டி. மாஸ்டர் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். "மேடம், இது ஃபாதர்ஸ் ரேஸ். மதர்ஸுக்கு லெமன் அண்ட் ஸ்பூன் அடுத்தது வருது."

அது மைதானம் முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது பந்தலுக்குள்ளிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. அவருக்கு மைக் தேவையில்லை.

"ஏம்ப்பா, அப்பன் கால் ஒடஞ்சி ஒக்காந்துகினு கீறான். ஆத்தா ஓடக் கூடாதுன்னு எவன் எய்தி வெச்சான்? அவளும் அந்தப் புள்ளயப் பெத்தவதானே? வுடு, ஓடட்டும்!"

இந்த முறை கைதட்டினார்கள். மாஸ்டர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கையசைத்தார். என்னைக் கடைசி ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள்.

விசில் ஊதியதும் அத்தனை ஆண்களும் நூறு மீட்டர் பந்தயம் போலப் பாய்ந்தார்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள் அல்லவா. நான் பாயவில்லை. என் உடம்பு கனமாக இருந்தது, தொடைகள் உரசின, முதல் வளைவிலேயே நெஞ்சு எரிந்தது. ஆனால் கால்கள் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டன. அதை நான் சொல்லித்தரவில்லை, அவற்றுக்கே நினைவிருந்தது. எதிர்ப்பக்கம் போகும்போது முன்னால் ஓடியவர்களின் தோள்கள் காதுப் பக்கம் ஏறுவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் நடக்கத் தொடங்கினார். ஒவ்வொருவராகத் தாண்டினேன். கடைசி நேர்கோட்டுக்கு வரும்போது முன்னால் அந்த உயரமானவர் மட்டும்தான் இருந்தார்.

பந்தலில் போட்ட கூச்சலைக் கேட்டு அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தித்திக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். கோட்டில் அவர் என்னைவிட இரண்டடி முன்னால் இருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டே வந்து கை கொடுத்தார். "மேடம், இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருந்தா நான் அவ்ளோதான்." தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். அவளுடைய தோழிகள் நான்கு பேர் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மா, நீ ஓடுவியா?"

"ம்."

"எனக்கு ஏன் சொல்லவே இல்ல?"

புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கூடை கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் ஆட்டோவில் மாமியார் டிரைவரிடம் முழுக் கதையும் சொன்னார். எனக்கு மட்டும் அந்த இரண்டடி உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து கிலோ குறைவாக இருந்திருந்தால், காலில் ஒரு ஷூ இருந்திருந்தால், ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று மனம் கணக்குப் போட்டது. இத்தனை வருஷத்தில் எதற்காகவும் எனக்கு இப்படி ஆத்திரம் வந்ததில்லை. அது எவ்வளவு நல்ல ஆத்திரம் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரம் பூந்தமல்லியில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். முடிந்ததும் டிரங்க் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் என் தம்பியைவிடச் சின்னவர், முஸ்லிம் இளைஞர்.

"வாங்கக்கா. நடக்கிறதுக்கா?"

"ஓடறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. பாதத்தை அளந்து பார்த்தார், அகலமாக இருக்கிறது என்றார், நான்கைந்து பெட்டிகளைத் திறந்தார். ஒன்றைப் போட்டுக் கயிறு கட்டியதும், "அக்கா, கடைக்குள்ள நடந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. வெளிய போய் ஒரு தபா ஓடிட்டு வாங்க" என்றார்.

"இங்கயா? பஜார்லயா?"

"பின்ன? ரோட்லதானே ஓடப் போறீங்க?"

பட்டுப் புடவை, தலையில் மல்லிகைப்பூ, காலில் நீல நிற ஷூ. நகைக் கடையையும் பழ வண்டிகளையும் தாண்டி மசூதி முனை வரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தேன். ஒரு பஸ் கண்டக்டர் விசில் அடித்தார். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஷூ அது. மாவட்டத்தில் ஜெயித்ததெல்லாம் வெறுங்காலில். தரைக்கும் எனக்கும் நடுவில் யாரோ மெத்தை போட்டதுபோல இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சுடிதார் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டு விளக்குக் கம்பம் தூரம் ஓடினேன், ஒரு கம்பம் தூரம் நடந்தேன். முகப்பேரில் காலையில் நடக்கிறவர்கள் ஏராளம். ஓடுகிற பெண்கள் அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. பால் போடுகிறவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, எவனாச்சும் தொரத்துறானா?" என்று அக்கறையாகக் கேட்டார். நாய்கள் உண்மையிலேயே துரத்தின. இதை வீட்டில் சொன்னதும் மாமியார் மறுநாள் ஒரு குச்சியோடு தயாராக நின்றார். நான் எங்கள் பிளாக்கைச் சுற்றி ஓட, அவர் நாய்கள் படுத்திருக்கிற முனையில் காவல் இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது ஏதாவது சொல்வார். "சாமான்லாம் அப்டியே கெடக்குது, சீக்கிரம் சுத்து." அல்லது, "கைய ஏன் இப்டி வீசுறே, கொசு ஓட்றியா?"

என் வீட்டுக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றார். முட்டி தேய்ந்துவிடும் என்றார். நான் சண்டை போடவில்லை, கேட்டுக்கொண்டு மறுநாளும் போனேன். ஒருநாள் அவர் கைபேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, சாப்பிடும்போது, "ஓடும்போது குதிகால்ல ஊனாத. நடு பாதத்துல ஊனணுமாம்" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. மூன்றாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து, சில வாரம் நடக்க மட்டும்தான் முடிந்தது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போது மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே ஓடினேன். ஆனால் கோடையில் ஒருநாள் காய்கறிப் பையோடு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது. இரண்டாவது மாடியில் நான் நிற்கவே இல்லை.

அடுத்த வருஷ விளையாட்டு விழாவில் 'பெற்றோர் ஓட்டம்' என்று மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்த உயரமானவர் ஊர் மாற்றலாகிப் போய்விட்டார். என்னோடு ஆறு அம்மாக்கள் ஓடினார்கள். நான் முதலாவதாக வந்தேன். இருந்தாலும் அவர் வந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை.

அதற்கும் அடுத்த வருஷம், எங்கள் பகுதியில் நடந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தேன். எஸ்டேட்டில் தொடங்கி, பாடிப் பக்கம் மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்புகிற வழி. கம்பெனிக்குத் தினமும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற சாலை அது. அன்றைக்கு வண்டிகளை நிறுத்தி எங்களுக்காக விட்டிருந்தார்கள். இவ்வளவு அகலமான சாலையா இது என்று ஆச்சரியமாக இருந்தது. போகும்போது எல்லாம் நன்றாக இருந்தது. திரும்பும்போது மேம்பாலத்தின் ஏற்றத்தில் வெயில் முதுகைச் சுட்டது, கால் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிட்டன. நிறையப் பேர் நடந்தார்கள். என் பக்கத்தில் ஓடிவந்த, கல்லூரியில் படிக்கிற வயதுள்ள ஒரு பெண்ணும் நடக்கத் தொடங்கினாள். எனக்கும் நிற்க ஆசையாக இருந்தது.

நிற்கவில்லை. அடியைச் சின்னதாக்கிக்கொண்டேன். என் தோளை நானே தட்டிக் கீழே இறக்கினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, எப்படி முடியுது?" என்று கேட்டாள். "உச்சி வரைக்கும் ஓடு, அங்கயிருந்து எறக்கம்தான்" என்றேன். அவள் மறுபடியும் ஓடத் தொடங்கினாள். உச்சியைத் தாண்டியதும் என்னைவிட வேகமாக இறங்கிப் போயே போய்விட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரில் நைட் ஷிப்ட் இன்னும் முடியாத செக்யூரிட்டி இருவர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதில் ஒருவர், "நம்ம குவாலிட்டி மேடம்!" என்று கத்தினார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் முதலாவதாக வந்தேன். மேடையில் ஏற்றி, கழுத்தில் பதக்கம் போட்டார்கள். கீழே என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்தார். மகள் ஆட்டம் போட்டாள். மாமியார் யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மருமவ. அம்பது வயசு ஆவப்போவுது, எப்டி ஓடுறா பாத்தியா?" மேடையிலிருந்தே நான் கத்தினேன். "அத்தே, நாப்பத்தி மூணு!"

மறுநாள் காலை எழுந்தபோது தொடையெல்லாம் கல் மாதிரி இருந்தது. வேலைக்குப் போக வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினேன். முதல் மாடி அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அய்யய்யோ, இன்னாம்மா ஆச்சு? கீழ வியுந்துட்டியா?"

"இல்லக்கா," என்றேன், தரைத்தளம் வரைக்கும் கேட்கிற மாதிரி. "நேத்து பத்து கிலோமீட்டர் ஓடினேன்."